பேக்கலைட் என்னும் உருகாத வஸ்து



பழைய வீடுகளில் சுவரில் மரக்கட்டையின் மேல் உருண்டையாய், கறுப்பாய் ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அது எதனால் ஆனது என்று யோசித்ததுண்டா? அது மரமல்ல, கல்லல்ல, கொம்பல்ல, அரக்குமல்ல. அதற்குப் பேக்கலைட் என்று பெயர். இன்றும் உங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடி அநேகமாய் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதைச் செய்தவர் லியோ பேக்லண்ட். 1863இல் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் செருப்புத் தைக்கும் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். அந்நகரத்தார் கொடுத்த உதவிச் சம்பளத்தில் ரசாயனம் படித்து 1884இல் டாக்டர் பட்டம் பெற்றார். தகப்பன் தொழில்தான் மகனுக்கு என்று அங்கே எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வந்து நிற்கவில்லை. பிறகு அமெரிக்கா சென்றார்.

அக்காலத்தில் மின்சாரக் கம்பிக்கும் கருவிக்கும் காப்பாக அரக்கு வேண்டியிருந்தது. அது நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி கக்கும் பிசின். பூச்சி கக்குகிற அளவுக்குத்தானே சரக்கு கிடைக்கும்? அதற்கு மாற்றுத் தேடித்தான் பேக்லண்ட் புறப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் நாற்றமடிக்கும் கார்பாலிக் அமிலமும், பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் உண்டாகிறது என்பதை 1872இலேயே ஜெர்மானியரான பேயர் கண்டிருந்தார். ஆனால் அது கண்ணாடிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வராத சனியன் என்று விட்டுவிட்டார்கள். பின்வந்தவர்களோ, நுரைத்துப் பொங்குகிறதே என்று சூட்டைக் குறைத்தார்கள். பேக்லண்ட் சூட்டை ஏற்றினார்! மூடிய இரும்புப் பாத்திரத்தில் அழுத்தம் கொடுத்து, பொங்கவிடாமல் வேகவைத்தார். 1907இல் உரிமைக்கு மனுப் போட்டு, 1909இல் உலகுக்கு அறிவித்தார்.

இனி அதன் குணம். மெழுகு, அரக்கு, வெல்லம் இவை சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். எத்தனை தரம் வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். பேக்கலைட் அப்படியல்ல, அவித்த முட்டை மாதிரி. முதலில் இளகி அச்சுக்குள் பாயும்; மேலும் சூடேறியதும் அதன் அணுக்கூட்டங்கள் வலையைப் போல் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அதன்பின் எத்தனை காய்ச்சினாலும் உருகாது. கடைசியில் கருகும், அவ்வளவே. சாராயத்திலும் கரையாது. மின்சாரமும் அதனுள் எளிதில் ஓடாது.

ஆயுத பூஜையன்று ஸ்விட்ச் பெட்டிக்குச் சந்தனம் குழைத்து அப்புகிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் கையைக் காப்பது பேக்கலைட்டா, சந்தனமா? ஈரச் சந்தனம் மின்சாரத்துக்கு வழியல்லவா விடுகிறது!

குறையும் சொல்லவேண்டும். தனியாய் இருந்தால் பொடுக்கென்று உடையும். ஆதலால் மரத்தூள் கலப்பார்கள். கறுப்பு, பழுப்பு போன்ற மங்கல் நிறந்தான் அதற்குப் பொருந்தும். சூடு தாங்குவதற்காகச் சில பழைய சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் கலந்தார்கள். அத்தூள் நுரையீரலுக்கு விஷம். ஆகவே பழைய சாமானை அரத்தால் ராவாதீர்கள், அறுக்காதீர்கள்.

கீறல் விட்ட ஸ்விட்சை நூல் சுற்றி வைத்திருக்கிறவர்கள் மெயினை அணைத்துவிட்டு, அதைக் கழற்றி எறிந்து புதிது போடுங்கள். "உருக்கி ஒட்டித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால், பழுக்கக் காய்ச்சிய ஊசியை அவன் கையில் கொடுத்து, உடைந்த துண்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கார்பாலிக் வாடை வரும், ஊசி இறங்காது.