கணினி விளையாட்டில் பிள்ளை எதைக் கற்கிறது?



"படிக்க அனுப்பினால், பள்ளிக்கூடத்திலும் கணினியில் விளையாடத்தான் விடுகிறீர்களா?" என்று பெற்றோர் சிலர் எங்களைக் கேட்பதுண்டு. அப்படிக் கேட்பவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் உழைத்து, நம் பிள்ளையாவது படித்து மேலே வரட்டும் என்று எண்ணுகின்ற தகப்பனுக்கு, விளையாட்டு என்ற சொல்லே பகையாகத் தோன்றுவதில் வியப்பென்ன? வேறு வகைப் பெற்றோரும் உண்டு. 'கல்வி விளையாட்டு' என்று பெயர் போட்டிருந்தால் போதும், காசு கொடுத்து வாங்கிக் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். பாடம் தானாக மண்டையில் ஏறிவிடும் என்று நம்பி இருந்துவிடுவார்கள். இந்த இரு சாராரிடமும் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

எங்கள் பள்ளி சிறிய தோட்டப் பள்ளி. நல்ல நிலையில் உள்ள கணினிகள் மூன்றே மூன்று. அவற்றில் ஒரு கணக்கு விளையாட்டு இருந்தது. கூட்டல் கணக்கு ஒன்று திரையில் மேலிருந்து விழும்; அது தரையைத் தொடுமுன் விடையை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் ஒரு மணி அடிக்கும். தவறாக அழுத்தினாலோ, ஒரு குரங்கு தலைகீழாக விழுந்து கூச்சல் போடும். சில நாட்களில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வேண்டுமென்றே தவறான விடையை அழுத்தத் தொடங்கிவிட்டார்கள்! குரங்கு விழுவதைப் பார்ப்பதல்லவா மகிழ்ச்சி? இன்னொரு மாணவன் கணக்கைப் படிக்கவே இல்லை. மூன்று விடைகளையும் வரிசையாக, வேகமாக அழுத்திக்கொண்டே போனான். புள்ளி ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. வெல்வதற்கு எது குறுக்கு வழியோ அதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த விளையாட்டில் கணக்கு, படக்கொட்டகை வாசலில் நுழைவுச்சீட்டு கேட்பவரைப் போல நின்றதே தவிர, உள்ளே ஓடிய படத்தில் அதற்குப் பங்கில்லை.

ஆகவே ஒரு விளையாட்டு பிள்ளைக்கு உதவுமா என்று அறிய, அதன் வண்ணத்தையோ விலையையோ பார்க்க வேண்டியதில்லை. இதில் வெல்வதற்குப் பிள்ளை எதைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அது பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் பிடிபடும். ஏனென்றால் பாட்டிக்குப் பல்லாங்குழி தெரியும்.

பல்லாங்குழியின் உறவுக்காரர்தான் நம் நாட்டு மலாய் மக்கள் ஆடும் சொங்காக். ஒவ்வொருவர் பக்கமும் ஏழு வீடுகள். இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய வீடு. தொடக்கத்தில் சிறு வீடு ஒவ்வொன்றிலும் ஏழு விதைகள், ஆக மொத்தம் 98. கடைசி விதை உங்கள் பெரிய வீட்டில் விழுந்தால் மறுபடியும் நீங்களே ஆடலாம். அப்படியானால் எந்த வீட்டை முதலில் எடுப்பது? பெரிய வீட்டிலிருந்து எண்ணினால் ஏழாவதாக இருக்கும் வீட்டைத்தான். அதிலுள்ள ஏழு விதைகளில் ஆறு, வழியிலுள்ள ஆறு வீடுகளுக்கும் போய்விட, ஏழாவது விதை பெரிய வீட்டிலேயே விழும். மூன்றாவது வீட்டில் மூன்று விதைகள் இருந்தாலும் இதே கதைதான். இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே, விரல் விட்டு எண்ணும் ஒரு பெண் குழந்தை தானே கண்டுபிடித்ததை நாங்கள் பார்த்தோம். கணக்கு நோட்டைக் கண்டாலே வயிற்று வலி என்று சொல்லும் குழந்தை அது. இங்கே குறுக்கு வழி தேடினாலும், அந்தக் குறுக்கு வழியே கணக்காக அல்லவா இருக்கிறது!

கணினியிலும் அத்தகைய விளையாட்டுகள் உண்டு. அவை நேற்று முளைத்தவையும் அல்ல. 1971-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் டான் ராவிட்ஷ் என்ற பயிற்சி ஆசிரியர், மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றைக் கற்பிக்க ஒரு பலகை விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற இரு பயிற்சி ஆசிரியர்களும் அதைக் கணினிக்கு மாற்ற உதவினார்கள். அதுதான் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற 'ஒரிகன் டிரெயில்'. அன்று அதற்குத் திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று, தாளில் வரிவரியாக அச்சிட்டுக் காட்டும். கையிலுள்ள பணத்தில் மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். மாட்டுக்கே பணத்தைக் கொட்டினால் பாதி வழியில் பட்டினி. மாதச் சம்பளத்தில் மளிகைக் கடன் போக மீதியைப் பங்கிடும் நம் தாய்மார்களுக்கு இந்த விளையாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பள்ளியில் அதிகப் பயன் தந்தது இன்னொன்று. அதை விளையாட்டு என்பதா, பாடம் என்பதா என்று எங்களுக்கே தெரியாது. 1967-இல் சேமூர் பாப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய நண்பர்களும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 'லோகோ' என்ற கணினி மொழி அது. அதன் ஆமை விளையாட்டை இன்று இலவசமாகவே கணினியில் போட்டுக்கொள்ளலாம். திரையில் ஓர் ஆமை இருக்கும். முன்னே 100 அடி போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு என்று கட்டளையிட்டால், ஆமை கோடு கிழித்துக்கொண்டே போகும். அதையே நான்கு தடவை சொன்னால் சதுரம்.

சதுரம் வந்ததும் பிள்ளைகள் முக்கோணம் கேட்டார்கள். சம பக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாட நூலில் படித்திருக்கிறார்கள். 60 என்று சொல்லி மூன்று தடவை ஓட்டினார்கள். முக்கோணம் வரவில்லை. வாய் திறந்த சட்டி மாதிரி ஒன்று வந்தது. ஆமை கெட்டுப்போய்விட்டது என்றான் ஒருவன். இன்னும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். அறுகோணம் வந்து நின்றது.

நாங்கள் விடை சொல்லவில்லை. பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போனோம். ஒரு மாணவி ஆமையானாள். கொடிக்கம்பத்தைப் பார்த்து நின்றாள். மற்றவர்கள் கட்டளையிட, முக்கோணமாக நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடியும் கொடிக்கம்பத்தைப் பார்த்து நின்றாள். "டீச்சர், நான் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டேன்!" என்றாள். முழுச் சுற்று 360 பாகை. மூன்று திருப்பத்தில் அதை முடிக்க வேண்டுமானால் ஒரு திருப்பத்துக்கு 120. சதுரத்துக்கு நான்கு திருப்பம், ஆகவே 90. அறுகோணத்துக்கு ஆறு, ஆகவே 60. கோணம் என்பது உள்ளே இருப்பது, திருப்பம் என்பது வெளியே எடுப்பது என்ற வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அன்றைக்கு அது பிள்ளைகளின் காலுக்கே தெரிந்துவிட்டது. மாலையில் அழைத்துப் போக வந்த ஒரு தகப்பனார் இதைக் கேட்டுவிட்டு, "நான் தினமும் நிரை முடித்து ஸ்டோருக்குத் திரும்புகிறேனே, நானும் 360தானா, டீச்சர்?" என்றார். ஆம், அவரும் 360தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வாய்பாட்டை மூட்டை கட்டிவிடாதீர்கள். ஏழாம் வாய்பாடு விளையாட்டால் மட்டும் மனத்தில் நிற்காது. அதை ஒப்பித்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில் என்ற குடும்பங்கள் நம்மிடையே இருப்பதும் எங்களுக்குத் தெரியும். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, அந்த ஒரு கைப்பேசிக்காக மூன்று பிள்ளைகள் காத்திருந்ததை மறக்க முடியுமா? அதனால் விளையாட்டுக்கென்று கடன் வாங்கி எதையும் வாங்காதீர்கள். இருப்பதை வைத்து ஆடும்போது, கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் அதை எடுத்தாய், அய்யா?", "அடுத்து என்ன ஆகும், அம்மா?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கினால் விளையாட்டு வேலை செய்கிறது. "சும்மா அழுத்தினேன்" என்றால் அதை நிறுத்திவிட்டுப் புளியங்கொட்டையை எடுங்கள்.

இப்போது எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தீபாவளி வாழ்த்து அட்டைக்காக, ஒரே கோட்டில் ஐந்து முனை நட்சத்திரம் வரைய முயல்கிறார்கள். 360-ஐ ஐந்தால் வகுத்து 72 என்று சொன்னால் ஐங்கோணம் வருகிறது, நட்சத்திரம் வரவில்லை. 144 என்று சொன்னால்தான் நட்சத்திரம் வருகிறது. ஐந்து 144 எவ்வளவு, அப்படியானால் ஆமை எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை இன்று மாலை வாசலில் பிள்ளையை நடக்கவிட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள்.