ஒரு குவளையின் கணக்கு



கோவை மாநகரின் வடபால், சத்தியமங்கலம் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது கணபதி. கடைசல் இயந்திரங்களின் ஓசை இவ்வூருக்குப் புதிதன்று. இங்குள்ள பட்டறைகளில் காலையும் மாலையும் தேநீர் வரும். முன்பெல்லாம் கம்பிக் கூடையில் கண்ணாடிக் குவளைகளை அடுக்கிக் கொண்டு வருவார்கள். குடித்து முடித்ததும் அவை கடைக்குத் திரும்பும். பின்னர்ப் பல இடங்களில் தேநீர் ஒரு குடுவையிலும், காகிதக் குவளைகள் ஓர் அடுக்காகவும் வரத் தொடங்கின. குடுவை திரும்பிப் போகிறது; குவளைகள் திரும்புவதில்லை. அவை எங்கே போகின்றன? இந்த வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஒரு பட்டறையில் 20 பேர் வேலை செய்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இருவேளைத் தேநீர். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள். பெருக்கினால் 12,000 குவளைகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் நமக்குப் பயன்படுவது ஐந்தே நிமிடம். கண்ணாடிக் குவளையாயின் 20 போதும். உடைவதற்கென்று இன்னும் 20 சேர்த்துக் கொண்டாலும் 40-ஐத் தாண்டாது.

மாநகரில் சேரும் குப்பையின் இறுதி இடமாக நெடுங்காலம் விளங்கியது வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. சுற்றுப்புறத்து மக்கள் அப்புகையைச் சுவாசித்து அல்லலுற்றனர். வடக்கே நாம் ஐந்து நிமிடம் கையில் பிடித்து எறிந்த பொருள், தெற்கே ஒரு குழந்தையின் மூச்சில் புகையாகக் கலக்கக்கூடும். நாம் எறிந்துவிட்டோம் என்பதால் ஒரு பொருள் இல்லாமற் போவதில்லை.

“காகிதந்தானே, மக்கிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். வெறுங் காகிதம் தேநீரைத் தாங்காது, ஊறிப்போகும். ஆதலால் குவளையின் உட்புறத்தில் பாலிதீன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அப்படலம் மக்குவதில்லை, காகிதத்தை மீண்டும் கூழாக்குவதையும் கடினமாக்குகிறது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், இத்தகைய குவளையில் 100 மில்லி லிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாக 2020இல் அறிவித்தனர்.

இவற்றையெல்லாம் கருதியே தமிழ்நாட்டு அரசு, 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும் அத்தடையுள் அடங்கும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் காகிதக் குவளைகள் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் சட்டம் மட்டும் பழக்கத்தை மாற்றிவிடாது. அதன் காரணத்தை மக்கள் உணர வேண்டும்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். கண்ணாடியையும் எவர்சில்வரையும் உருவாக்க உலையின் பெருவெப்பம் வேண்டும். கழுவ நீர் வேண்டும். கனடா நாட்டு வேதியியல் அறிஞர் மார்ட்டின் ஹாக்கிங் என்பார் 1994இல் இதற்கோர் எரிசக்திக் கணக்குப் போட்டார். காகிதக் குவளையோடு ஒப்பிடுகையில், கண்ணாடிக் குவளையை 15 முறையும், பீங்கான் குவளையை 39 முறையும் பயன்படுத்தினால்தான் அவற்றை ஆக்கச் செலவான சக்தி ஈடாகும் என்று கண்டார். நம் பட்டறையில் நாளுக்கு இருவேளைத் தேநீர் அன்றோ? அவர் கணக்கின்படி எட்டே நாளில் கண்ணாடிக் குவளை தன் கடனைத் தீர்த்துவிடும். ஆனால் மிக இலேசான நுரைப் பிளாஸ்டிக் குவளையோடு ஒப்பிட்டால், பீங்கானுக்கு 1,006 முறை வேண்டியிருந்தது. இயந்திரத்தில் வெந்நீரிட்டுக் கழுவும் செலவே இதற்குப் பெரிதும் காரணம்.

இதனின்று நாம் அறிவன யாவை? ஆசைக்கு வாங்கிப் பரணில் ஏற்றி வைத்த எவர்சில்வர்த் தட்டினால் இயற்கைக்கு ஒரு நன்மையும் இல்லை. நாள்தோறும் கைக்கு வரும் பழைய தட்டே நன்மை செய்வது. கழுவும் முறையிலும் சிக்கனம் வேண்டும். சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் தொலைதூரம் வரும் நீரைக் குழாயைத் திறந்துவிட்டு வீணாக்கலாகாது. மற்றொன்று, எரிசக்தி ஒன்றே கணக்கு ஆகாது. செய்வதற்குக் குறைந்த சக்தி கொள்ளும் நுரைக் குவளை, எறிந்தபின் தலைமுறை தலைமுறையாக மண்ணில் கிடக்கிறது.

2020இல் பெருந்தொற்று பரவியபோது, பிறர் குடித்த குவளையில் குடிக்க மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் அதற்கு மருந்து சோப்பும் தூய நீரும் ஆகும். அழுக்கு நீர்த் தொட்டியில் முக்கி எடுத்த குவளையை நீட்டும் கடைக்காரர், வாடிக்கையாளரைத் தாமே காகிதக் குவளையிடம் அனுப்பி வைக்கிறார்.

இன்னொரு செய்தியையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நம் கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை வைத்த இழிவு நெடுங்காலம் இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்த பின்னரும் அது தொடர்ந்தது. எறியும் குவளை சில இடங்களில் அவ்விழிவை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டது. ஆகவே கண்ணாடிக் குவளை மீண்டும் வருக என்று கூறும்போது, எல்லோருக்கும் ஒரே குவளை என்பதையும் சேர்த்தே கூறுகிறோம்.

வாழையிலையும் ஒருமுறை உண்டு எறிவதுதானே என்று ஐயம் எழலாம். உண்மைதான். ஆயினும் அதற்கு உலை வேண்டா, ஆலை வேண்டா. உண்டபின் பசுவுக்குத் தீனியாகும், அன்றேல் எருவாகும். பாக்கு மட்டைத் தட்டும் அத்தகையதே. ஆனால் விருந்து முடிந்ததும் இலையையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் கட்டி எறிந்தால், இலையின் நன்மையும் அப்பையோடு போய்விடும்.

மாணவர்களே, உங்களால் ஆகக்கூடியது சிறிதன்று. பள்ளி விழாவுக்குத் தட்டு வேண்டுமென்றால் பாத்திர வாடகைக் கடையை நாடுங்கள்; அல்லது அவரவர் தட்டை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். கழுவும் பணியை முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளுங்கள். அதைப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். அடுத்த முறை ஒரு குவளை உங்கள் கைக்கு வரும்போது, இது இன்னும் எத்தனை பேருக்குப் பயன்படும், இறுதியில் எங்கே சேரும் என்று எண்ணிப் பாருங்கள். விடை தெரிந்தபின், எதை எடுப்பது என்பதில் உங்களுக்குத் தயக்கம் இராது.