மார்கழிக்கு நாலு பேராகக் கிளம்புவோம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரிக் கணக்கு, மொட்டை மாடிக் கசிவு எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மணி ஏழேகால். பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். நாம் இருப்பது சென்னையில். சங்கீதத்துக்காக யுனெஸ்கோ 2017-ல் தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஊர். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை இங்கே காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எங்காவது ஒரு மேடையில் யாராவது பாடிக்கொண்டே இருக்கிறார்கள். நம் வளாகத்திலிருந்து எத்தனை பேர் போகிறோம்? கை தூக்கச் சொல்லப்போவதில்லை. போகாதவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். "தனியா எப்படிப் போறது", "ராத்திரி திரும்புறது கஷ்டம்", "எனக்கு ராகம் தாளம் ஒண்ணும் தெரியாது", "அது நமக்கான இடம் இல்லீங்க." இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்பவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சுலபமான வாசலில் ஆரம்பிக்கலாம். சபா காண்டீன். அங்கே சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டோக்கன் வாங்கி, இலையிலோ தட்டிலோ சாப்பிட்டுவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம். பாட்டுக் கேட்காமல் காண்டீனுக்கு மட்டும் வரும் கூட்டம் நிறையவே உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சாப்பாடு ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது. வருடம் முழுக்க முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடும் கல்யாணச் சமையல்காரர்களுக்கு அந்த மாதம் கை சும்மா இருக்கும். அந்தக் கைகள் சபாவுக்கு வருகின்றன. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி, மின்ட் பத்மநாபன் என்று காண்டீன் பேச்சில் அடிபடும் பெயர்களெல்லாம் கல்யாணப் பந்தியில் பெயர் எடுத்தவை. ஆயிரம் பேருக்கு ஒரே பதத்தில் காசி அல்வா கிளறிப் பழகியவர்கள், ஐம்பது பேர் நிற்கும் வரிசைக்கு அடை அவியல் போடுகிறார்கள். அதனால்தான் கீரை வடை எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. ஆறிப்போவதற்கு நேரம் கொடுப்பதில்லை.

ஒரு யோசனை. நாலு பேராகப் போனால் நாலு விதமாக வாங்குங்கள். ஒருவர் ரவா தோசை, ஒருவர் அடை, ஒருவர் சேவை, ஒருவர் இனிப்பு. நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு முழு தோசை சாப்பிட்டுவிட்டு அரங்கத்துக்குள் போனால், பாடகர் ஆலாபனை தொடங்கும்போது நமக்குக் கண் சொக்கும். காபி மட்டும் பகிரக்கூடாது. அது ஆளுக்கு ஒன்று.

காபி குடிக்க எப்போது எழுந்து போவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கச்சேரி நடுவில் மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து காண்டீனுக்குப் போகும். இது சென்னையின் பழைய கெட்ட பழக்கம். பாட்டுப் புரியாதவர்கள் முதலில் கேட்க வேண்டியதே அந்தப் பகுதியைத்தான் என்பேன். ராகம் தெரிய வேண்டாம், வார்த்தை தெரிய வேண்டாம். இரண்டு பேர் கையால் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இருவரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். சின்னக் குழந்தைக்கும் புரியும். காபியை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயம். பெரிய பாடகர்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் பணமும் வரிசையும். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள். நாளைக்கு மாலை மேடைக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் எழுந்து வந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளுக்கும் இலவசமாகப் போகலாம். அகாடமி 1928-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்தது அது. அதைவிடப் பழையது திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா, 1900-ம் ஆண்டைச் சேர்ந்தது. திருவல்லிக்கேணிக்குப் போனால் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. அங்கே இட்லி மிதக்கும் அளவுக்கு சாம்பார் ஊற்றுவார்கள். இட்லிக்கு சாம்பாரா, சாம்பாருக்கு இட்லியா என்று சந்தேகம் வரும்.

இப்போது "நமக்கான இடம் இல்லை" என்பதற்கு வருகிறேன். இந்தக் கேள்வி நம் வளாகத்தில் புதிதாக வந்தது அல்ல. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக் குறைவாகப் பாடுகிறார்களே என்ற மனக்குறையில்தான் 1943-ல் ராஜா அண்ணாமலை செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை ஆரம்பித்தார். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் அவர்களுடைய இசை விழா நடக்கிறது. பாட்டின் வார்த்தை புரிய வேண்டும் என்பவர்கள் முதலில் அங்கே போகலாம்.

எனக்கு அந்த இடத்தில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. மன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பர்மா பஜார். அதற்கு எதிரே சாயங்காலமானால் அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து 1960-களில் கிளம்பி வர நேர்ந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். முட்டை சாப்பிடுகிறவர்கள் பேஜோ கேளுங்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயம் திணித்துத் தருவது. வீடு, கடை, சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த ஊர் நடைபாதையில் நின்று பிழைத்துக் காட்டிய ருசி அது. சபா காண்டீனுக்கு இணையாகத்தான் இதை வைப்பேன். போக வரச் சிரமமும் இல்லை. ஆலந்தூரில் மெட்ரோ ஏறினால் நேராக உயர் நீதிமன்ற நிலையம்.

பாட்டே வேண்டாம் என்பவர்களுக்கு எழும்பூர் மியூசியம். 1851-ல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்துவிடாதீர்கள். உள்ளே எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். அது போதும், அன்றைக்கு. பொங்கல் சமயம் என்றால் நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி. 1977-லிருந்து நடக்கிறது. புத்தகம் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வெளியே மிளகாய் பஜ்ஜி பொதுவானது. அதே நாட்களில் அரசு நடத்தும் சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் ஒயிலும் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சரி, எங்கே போவது என்பது பெரிய விஷயம் இல்லை. யாரோடு, எப்படி என்பதில்தான் காரியம் கெடுகிறது. கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, எண்ணிக்கை. நாற்பது பேர் வேன் எடுத்துப் போகும் யோசனை போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. நாற்பது பேர் போனால் எண்ணிப் பார்த்து ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலையாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு இரண்டு வார்த்தை பேச முடியாது. நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். ஒரு கார், ஒரு மேசை. அந்த நாலு பேரில் இரண்டு பேராவது ஏற்கெனவே பழக்கமில்லாதவர்களாக இருக்கட்டும். ஏ பிளாக்கில் இருப்பவர் ஏ பிளாக்கோடும் டி பிளாக் டி பிளாக்கோடும் போவதற்குச் சங்கம் எதற்கு?

இரண்டாவது, பணம். கவுன்டரில் "நான் தர்றேன், நான் தர்றேன்" என்று கையைப் பிடித்து இழுக்கும் காட்சி நமக்கெல்லாம் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒருவர் இரண்டு முறை கொடுத்துவிட்டால், பதிலுக்குக் கொடுக்க முடியாதவர் மூன்றாவது முறை "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுவார். ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் ஓசையில்லாமல் நட்பு வட்டத்திலிருந்து ஒதுங்கிப்போகிறார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. பில் ஒதுக்கியது. ஆகவே கிளம்பும் முன்பே ஆளுக்கு 400 ரூபாய் பொதுவில் போட்டுவிடலாம். போக்குவரத்து, டிபன், காபி எல்லாம் அதற்குள். ஒருவர் கணக்கு எழுதட்டும். மீதி இருந்தால் அன்று இரவே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் செலவாகும் இடத்துக்குப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் மெனு கார்டைப் பிரித்த பிறகு அல்ல.

மூன்றாவதைச் சொல்வதற்காகத்தான் உண்மையில் மைக்கை வாங்கினேன். நம் வளாகத்தில் வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரையோ, பெயர் மறந்துபோன கணவரையோ பார்த்துக்கொள்பவர்கள். காய்கறிக்காரர் வரும்போது கீழே இறங்குகிறார்களே, அந்தப் பத்து நிமிடம்தான் அவர்களுடைய வெளியுலகம். "நீங்களும் வாங்களேன்" என்று நாம் கூப்பிடுகிறோம். அவர்கள் சிரித்துக்கொண்டே "அடுத்த தடவை பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த அடுத்த தடவை வருவதே இல்லை. கூப்பிட்டவருக்குக் கடமை முடிந்துவிடுகிறது.

அவர்களைக் கூப்பிடுவதோடு நிற்காமல், அவர்கள் வீட்டில் போய் உட்கார ஆள் வேண்டும். நாலு மணி நேரம். மருந்து கொடுக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். கனமான நர்ஸ் வேலைக்குச் சங்கம் பொறுப்பேற்க முடியாது. அதை முன்பே தெளிவாகச் சொல்லிவிடலாம். தூக்கி உட்காரவைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குப் பழகிய உதவியாளர்தான் வேண்டும், அங்கே நம் ஆர்வம் மட்டும் போதாது. ஆனால் கூடவே ஒரு ஆள் இருந்தால் போதும் என்ற நிலையில் உள்ள வீடுகள் எனக்குத் தெரிந்து மூன்று இருக்கின்றன. ஏற்கெனவே அறிமுகமான ஆளாக இருக்க வேண்டும் என்பதால், கிளம்பும் நாளுக்கு முன்பே இரண்டு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போய் வர வேண்டும். புது முகத்தைப் பார்த்து மிரளும் பெரியவர்கள் உண்டு.

இப்படி உட்காருகிறவருக்குக் காண்டீனிலிருந்து பார்சல் கட்டாயம். பொதுப் பணத்திலேயே அதை எழுதிக்கொள்ளலாம். காசி அல்வா ஆறினாலும் நன்றாக இருக்கும். வடையை வாங்கி வராதீர்கள், நமத்துவிடும்.

இரவுப் பயணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: முதல் முறை மாலைக் கச்சேரியே வேண்டாம். மதியக் கச்சேரி கேட்டு, காண்டீனில் டிபன் முடித்து, ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம். மயிலாப்பூர் அதற்குத் தோதான இடம். பாரதிய வித்யா பவன், கபாலீசுவரர் கோயில், காளத்தி கடை ரோஸ் மில்க், கற்பகாம்பாள் மெஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தெருச்சுற்றில். முட்டி வலி உள்ளவர்களுக்கும் கட்டுப்படியாகும். விடியற்காலையில் எழுந்துவிடுபவர்கள் தனியாக ஒரு குழு சேரலாம். பாபநாசம் சிவன் மார்கழியில் நாலு மாட வீதிகளையும் பாடிக்கொண்டே சுற்றி வருவார். இன்றைக்கும் விடிகாலையில் அங்கே பஜனைக் குழுக்களைப் பார்க்கலாம். சுற்றி முடித்து, ராயர் மெஸ்ஸில் இட்லி. அங்கே இடம் குறைவு, காத்திருக்க வேண்டும். பசியோடு போய்க் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

செக்யூரிட்டி அறையில் நாளை காலை முதல் ஒரு நோட்டு இருக்கும். இரண்டு பக்கம் கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் வெளியே வர விரும்புபவர்கள் பெயரும் பிளாட் எண்ணும். வலது பக்கம் வீட்டில் உட்கார முன்வருபவர்கள். முதல் பயணம் டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை, மயிலாப்பூர். பதினோரு மணிக்கு மெயின் கேட். வலது பக்கத்தில் மூன்று பெயராவது விழுந்த பிறகுதான் காருக்குச் சொல்லப்போகிறேன்.

வெளியே சுண்டல் இருக்கிறது.