விண்ணப்பத்தில் வலி, விழாவில் பங்களிப்பு

(நியூ ஜெர்சி, எடிசனில் அகதிகள் தினத்தையொட்டி நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியது)



ஜூன் 20 வந்தா நூலகத்துல ஒரு ஹால், சமோசா, ரெண்டு கவிதை, “அகதிகளின் பங்களிப்பைக் கொண்டாடுவோம்”னு ஒரு பேனர். வேணாம்னு சொல்ல வரல. ஆனா அந்தப் ‘பங்களிப்பு’ங்கிற சொல் உறுத்துது.

ஷோபாசக்தியோட ‘கொரில்லா’ (2001) ஒரு அகதி விண்ணப்பமாகத்தான் தொடங்குது. பிரெஞ்சு அதிகாரிக்குப் புரியும்படி, தான் பட்ட அடியைத் தேதி போட்டு எழுத வேண்டிய மனுஷன். விண்ணப்பத்துல வலியை நிரூபிக்கணும். விழாவுக்கு வந்தா பயனை நிரூபிக்கணும்: டாக்டர் ஆனாரா, கடை வெச்சாரா, வரி கட்டினாரா? ஷோபாசக்தி நடிச்ச ‘தீபன்’ 2015-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியதும் எல்லாரும் கொண்டாடினாங்க. பாரிஸில் தட்டு கழுவி, தெருக் கூட்டிய காலத்துல மட்டும் அவருக்கிருந்த தஞ்ச உரிமை என்ன குறைச்சலா?

இன்னொரு விதமான கூட்டமும் நம்ம வரலாற்றில் இருக்கு. 1988-ல் ஜெர்மனியில் ஈழ அகதிகள் ‘இலக்கியச் சந்திப்பு’ தொடங்கினாங்க. யாரும் அவங்களைக் கொண்டாட அழைக்கல. பகலில் உணவகச் சமையலறையில் நின்னவங்க, ஜெர்மனியில் ‘தூண்டில்’, சுவிஸில் ‘மனிதம்’, நார்வேயில் ‘சுவடுகள்’னு சிற்றிதழ் போட்டாங்க. சந்திப்பில் நன்றி சொல்லிட்டு உட்காரல. சாதி பற்றி, பெண்கள் பற்றி, இயக்கங்கள் செய்த கொலைகள் பற்றிச் சண்டை போட்டாங்க. அதுக்கு விலையும் இருந்துச்சு. அந்த வட்டத்தைச் சேர்ந்த சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறமும் சந்திப்பு ஊர் ஊராகப் போச்சு. 2013-ல் யாழ்ப்பாணத்திலேயே நடந்துச்சு. அகதி விருந்தாளியா வராம, கூட்டத்தைக் கூட்டுறவரா வந்தா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

இப்போ இந்த நாட்டுக்கு வருவோம். 2017-ல் சான் இசித்ரோ பக்கம் எல்லை தாண்டி வந்தார் ஒரு இலங்கைத் தமிழ் விவசாயி. வெள்ளை வேனில் தூக்கிட்டுப் போய் அடிச்சாங்கன்னு சொன்னார். முதல் நேர்காணலிலேயே அதிகாரிகள் நிராகரிச்சாங்க. அதை நீதிமன்றத்துல கேள்வி கேட்க அவருக்கு உரிமை இல்லைன்னு 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 கணக்கில் தீர்ப்பளிச்சது. அகதிகள் தினம் கழிஞ்சு ஐந்தே நாள்! 2025-ல் 1,25,000 ஆக இருந்த அகதிகள் வரம்பு 2026-க்கு 7,500. இங்கிருந்து அரை மணி நேர டிரைவ்ல, நியூவார்க்கில் டெலானி ஹால் 2025-ல் ஆயிரம் படுக்கையோட தடுப்பு முகாமா மறுபடி திறந்திருக்கு.

நம்மில் பலபேர் தமிழ்நாட்டிலிருந்து எச்1பி-ல வந்தவங்க. ஈழக் கவிதைக்குக் கண்ணீர் விடுவோம். ஆனா நம்ம ஊர் முகாம்களில் கிட்டத்தட்ட 58,000 பேர் இருக்காங்க. அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவங்களும் அதில் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவங்களைச் சேர்க்கல. 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’னு பேர் மாறுச்சு, சரி. குடியுரிமை?

வாசிப்பு நடக்கட்டும், பாட்டும் இருக்கட்டும். கூடவே ஒரு வேலை. தஞ்ச வழக்குக்குக் கொடுக்கிற தமிழ் ஆவணம் ஒவ்வொண்ணுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும்: போலீஸ் முறைப்பாடு, ஆஸ்பத்திரித் துண்டு, கிராம சேவகர் கடிதம். இதுக்குப் பட்டம் தேவையில்ல. ரெண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரின்னு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டா போதும். ஒரு ‘ன்’, ஒரு தேதி தவறினாலும் பொய் சொல்றார்னு வழக்கே சாயும். அதனால ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் சரிபார்க்கணும். கவிதை மொழிபெயர்க்கத் தெரிஞ்சவங்க இங்க ஏழெட்டுப் பேராவது இருக்கீங்க. சாப்பாட்டு மேசை பக்கத்துல ஒரு நோட்டு வெச்சிருக்கோம், போறதுக்கு முன்னாடி பேர் எழுதிட்டுப் போங்க.