நுழைவது வேறு, பொருந்துவது வேறு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றது பத்தி பசங்களுக்குப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. இங்கே படித்தது இயற்பியல், வேலை பார்த்தது வங்கியில். பிறகு யோசித்து ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. இன்றைக்கு அதைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

1997-ம் வருஷம். என் விடுதி அறை நண்பன் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. சென்டர் வைக்க ஏற்பாடு செய்தான். பெயர் சொல்ல மாட்டேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கக் கையில் காசு போதாது. "ரிச்சி தெருவுல பார்ட்ஸ் வாங்கி நாமே பூட்டிடலாம்டா, நானாச்சு" என்றேன். அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மவுண்ட் ரோடு பக்கம் இறங்கி, ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் இரண்டு நாள் அலைந்து, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போனோம்.

முதல் நாளே பல்லை இளித்தது. பென்டியம் பிராசசர் ஒரு தடவைக்கு 64 பிட் கேட்கும். அன்றைய 72 பின் சிம் ராம் ஒன்று 32 பிட்தான் கொடுக்கும். ஆகவே ஜோடியாகத்தான் போட வேண்டும். நான் 16 எம்.பி. ஒன்றே ஒன்று வாங்கியிருந்தேன். அது அதன் இடத்தில் 'டக்'கென்று உட்கார்ந்தது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி சென்னை போய் 8 எம்.பி. இரண்டாக மாற்றி வந்த பிறகுதான் உயிர் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, கேபினெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வயர்களைக் கழற்றினேன். அந்தக் கால ஏ.டி. வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு பி8, பி9 என்று இரண்டு கனெக்டர் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிக் குத்தினாலும் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. இன்டெல் 1995-லேயே ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே பக்கமாகத்தான் நுழையும்படி செய்துவிட்டது. எங்களிடம் இருந்தது பழைய வகை. நான் மாற்றிக் குத்தி சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தம், ஒரு வாடை, அவ்வளவுதான்.

நண்பன் அப்போது டீ வாங்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் வயரைச் சரியாக மாற்றிவிட்டேன். "போர்டு மட்டமான சரக்குடா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். அவன் போர்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்ச் சண்டை போட்டான். கடைக்காரர் பார்த்துவிட்டு, "பவர் வயரை யாரோ மாத்திக் குத்தியிருக்காங்க தம்பி" என்று சரியாகவே சொல்லியிருக்கிறார். நண்பன் அவரை நம்பவில்லை. என்னை நம்பினான். கடன் வாங்கி வேறு போர்டு வாங்கினான்.

இருக்கட்டும். இப்போது அவன் மகன் இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம். போன மாதம் போன் செய்தான். "மாமா, ஒரு பி.சி. அசெம்பிள் பண்ணணும். உங்களைத்தான் கேட்கச் சொன்னார் அப்பா." எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டியலைப் படிக்கச் சொன்னேன்.

மாணவர்களே, இனி வருவது உங்களுக்கு. பொருந்தாத பாகங்கள் மூன்று வகை.

முதல் வகை, நுழையவே நுழையாதது. இது நல்ல வகை. பையன் ரைசன் 5 5600 பிராசசரும் பி650 மதர்போர்டும் எழுதியிருந்தான். முன்னது ஏ.எம்.4 சாக்கெட், பின்னது ஏ.எம்.5. ஒன்றுக்கொன்று ஆகாது. ராம் டி.டி.ஆர்.4 என்று இருந்தது. ஏ.எம்.5 போர்டு டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். இரண்டு ராமுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் உள்ளே போகாது. இன்டெல் எல்.ஜி.ஏ.1700 போர்டுகளில் சில டி.டி.ஆர்.4, சில டி.டி.ஆர்.5. சாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கேபினெட்டும் இந்த வகைதான். கூலரின் உயரம், கிராபிக்ஸ் கார்டின் நீளம் இரண்டையும் மில்லிமீட்டரில் பார்த்துவிடுங்கள். இந்த வகையில் நஷ்டம் அலைச்சலோடு போய்விடும்.

இரண்டாம் வகை, நுழையும், ஆனால் பேசாது. ரைசன் 5 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு போடாவிட்டால் படம் வராது. ஏ.எம்.5 போர்டுகள் 2022-ல் வந்தன. 2024-ல் வந்த ரைசன் 9000 வரிசை அந்தப் போர்டில் உட்காரும். ஆனால் போர்டின் பயாஸ் பழையதாக இருந்தால் புது ஆளை அதற்கு அடையாளம் தெரியாது. எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் வேண்டும் என்று போர்டு கம்பெனியே பட்டியல் போட்டிருக்கும். எம்.2 எஸ்.எஸ்.டி.யிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு உண்டு. என்.வி.எம்.இ.க்கு மட்டும் உள்ள இடத்தில் சாட்டாவைச் செருகினால் உட்காரும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என் சிம் ராம் கதையும் இதே ஜாதிதான்.

மூன்றாம் வகை, நுழையும், எரியும். பையன் கடைசியாகக் கேட்டான்: "அப்பா சென்டர் பழைய கேபினெட்ல எஸ்.எம்.பி.எஸ். கேபிள் நல்லாதான் இருக்கு மாமா. புது எஸ்.எம்.பி.எஸ்.ல அதையே குத்திக்கட்டுமா?" நான் ஃபோனிலேயே கத்திவிட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில், டிஸ்க் பக்க முனை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைக்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், வயர் வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் போய்விடும், உள்ளே இருப்பதும் போய்விடும். எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிளோ அதை அதற்கு மட்டும் போடுங்கள்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் பிராசசர். அதற்கு ஏற்ற போர்டு. போர்டுக்கு ஏற்ற ராம், எஸ்.எஸ்.டி. பிறகு கார்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து, கொஞ்சம் கூடுதலாக, எஸ்.எம்.பி.எஸ். வாட். கடைசியில் இவை அடங்கும் கேபினெட். "எது பெஸ்ட்?" என்ற கேள்வி அப்புறம். "இது அதற்கு ஆகுமா?" என்பது முதல் கேள்வி. தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்க வெட்கப்பட்டவன்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இனி என் கடன். நண்பா, அந்தப் போர்டு நல்ல போர்டு. கடைக்காரர் சொன்னதுதான் உண்மை. வயரை மாத்திக் குத்தினது நான். நீ டீயோட வந்து நின்னப்ப சொல்லியிருக்கணும். சொல்லலை. அம்மா சங்கிலியை மீட்க நீ பட்ட பாடு தெரிஞ்சும் சொல்லலை. சென்னை போனபோது அந்தக் கடையைத் தேடினேன். அங்கே இப்போது வேறு கடை இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. உன்னிடமாவது கேட்கிறேன்.

தம்பி தங்கைகளே, போர்டு எரிந்தது தெரியாமல் செய்த தப்பு. பழியை இன்னொருத்தர் மேல் போட்டது தெரிந்தே செய்தது. முதலாவது தப்பு உங்களுக்கும் நேரலாம். எனக்கு போன் செய்யுங்கள், சேர்ந்து பார்ப்போம். இரண்டாவதை மட்டும் செய்யாதீர்கள்.

பையனின் கம்ப்யூட்டர் போன ஞாயிற்றுக்கிழமை முதல் சுவிட்சிலேயே ஓடியது. வயரை அவன்தான் குத்தினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.