கல்லின் வயதும் கட்டியின் மருந்தும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஏரிக்கரைப் பெரியவர்கள், தோணிக்குள் ஊறிய நீரைப் பார்த்தே, அதை இறைத்து எவ்வளவு நேரம் ஆயிற்றென்று சொல்லிவிடுவார்கள். ஊறும் வேகம் அவர்களுக்குத் தெரியும். கல்லின் வயதைக் கண்டதும் இத்தகைய கணக்கால்தான்.

1904ஆம் ஆண்டில், இலங்கையில் இரத்தினக் கற்கள் கிடைக்கும் சரளை மண்ணிலிருந்து கரிய, கனத்த கனிமம் ஒன்று ஆனந்த குமாரசுவாமியின் கைக்கு வந்தது. பின்னாளில் கலையாராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அவரேதான். சர் முத்து குமாரசுவாமி என்னும் ஈழத் தமிழரின் மைந்தர். முதலில் அதனை யுரேனினைட் என்றே கருதினார். இலண்டனில் பகுத்துப் பார்த்தபோது புதுக் கனிமம் எனத் தெரிந்தது. தோரியனைட் என்று பெயரிட்டனர்.

தோரியமும் யுரேனியமும் தாமே சிதைவன. சிதையும்போது ஹீலியம் வாயு பிறந்து கல்லுக்குள் தங்கும். அது ஊறும் வேகத்தை ஸ்ட்ரட் என்னும் ஆங்கிலேயர் இக்கல்லிலேயே அளந்து, 1910இல் அதன் வயதைக் கணக்கிட்டார்: 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! வாயுவில் ஒரு பகுதி கசிந்திருக்குமாதலால் அதுவும் குறைந்த அளவே. சிதைவின் முடிவில் எஞ்சும் ஈயத்தைக் கொண்டு பின்னர் அளந்தபோது, இலங்கைக் கனிமங்களின் வயது ஏறத்தாழ 50 கோடி ஆயிற்று. 1897இல் கெல்வின் பிரபு பூமிக்கே 4 கோடிக்கு மேல் தர மனமில்லாதிருந்தார்.

இதே தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பை ஆராய்ந்த ஆட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார்; 1907இல் மீசோதோரியத்தையும் கண்டார். நம்மவர் இரவில் இறால் பிடிக்கக் கொண்டு சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கை நினைவுகூருங்கள். அத்தகைய விளக்குகளின் மாண்டிலுக்குத் தோரியம் எடுத்தபின் எஞ்சிய கழிவிலிருந்தே மீசோதோரியத்தைப் பிரித்தார்கள். விலைமிகுந்த ரேடியத்துக்கு மாற்றாக ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றுக்கட்டிகளுக்கு அதனைப் பயன்படுத்தினார்கள்.

தீங்கும் உண்டு, மறைக்கலாகாது. கடிகார எண்களுக்கு ரேடியம் கலந்த ஒளிப்பூச்சு தீட்டிய அமெரிக்கப் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் 1920களில் நோயுற்று மாண்டனர். கதிர் அளவறிந்து, கட்டியின்மேல் மட்டும் படவேண்டும். அதற்கான கோபால்ட் 60 கருவி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957இல் வந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அந்த அம்மையார்.

என் பெரியம்மாவுக்கும் மார்பில் கட்டி வந்தது. "கரண்ட் வைத்தால் உயிரோடு திரும்பமாட்டார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஓராண்டுக் காலம் முந்தானைக்குள் மறைத்தார். நாங்கள் அழைத்துச் சென்றபோது நோய் எலும்பு வரை பரவியிருந்தது. அப்போது நான் பி.எட். பட்டம் பெற்ற ஆசிரியன். அவர் இருந்ததோ அடுத்த வீட்டில்! இன்றும் அதே பேச்சை நம் தெருவில் கேட்கிறேன். அத்தகைய கட்டி உள்ள தாய்மார் எவராயினும் என் மனைவியிடம் சொல்லுங்கள். மறுநாள் காலைப் பேருந்திலேயே பொன்னேரிக்குச் சென்று, அங்கிருந்து இரயிலேறுவோம். நாங்கள் இருவரும் உடன் வருகிறோம்.