கப்பல் வந்தாற் போதுமா?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள், காங்கேசன்துறைத் துறைமுகத்திற்குச் சென்னையிலிருந்து ஓர் உல்லாசப் பயணக் கப்பல் வந்து சேர்ந்தது. 'எம்பிரஸ்' என்னும் பெயர் பூண்ட அக்கப்பல் ஏறக்குறைய 48,500 தொன் கொள்ளளவுடையது. சென்னையிற் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு மீண்டும் சென்னைக்கே திரும்புதல் அதன் பயண ஒழுங்கு. அதே நாளிற் காங்கேசன்துறையிற் பயணிகளுக்கெனப் புதிய மண்டபம் ஒன்றும் திறந்துவைக்கப்பட்டது. போர்க்காலத்தில் மூழ்கிய கலங்கள் கிடந்த துறையில், பொதுமக்கள் பல்லாண்டுகள் கால்வைக்க இயலாதிருந்த கரையில், விருந்தினரைச் சுமந்த கப்பல் வந்ததைக் கண்டு குடாநாட்டு மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி இயல்பானதே.

மகிழ்ச்சி அடங்கியபின் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. கப்பல் வந்தது; பயணிகள் இறங்கினர்; கோட்டையைக் கண்டனர்; கோயிலைக் கண்டனர்; மாலையில் மீண்டும் கப்பலேறினர். இதனால் ஊருக்கு வந்த பயன் யாது? காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாண நகருக்கும் அப்பால், கண்டி வீதியருகே கடல்நீரேரியை அணைந்து கிடக்கும் அரியாலையில், பனையோலை வார்ந்து கடகம் பின்னும் பெண்ணின் கைக்கு அக்கப்பலின் பணத்தில் ஒரு ரூபாயேனும் வந்து சேருமா? நண்டும் இறாலும் பிடிக்கும் தொழிலாளியின் வீட்டு உலையில் அதனால் ஒரு பிடி அரிசி கூடுதலாக வேகுமா? துறைமுகத்தின் சிறப்பை அங்கு நிற்கும் கப்பலின் உயரத்தால் அளப்பதா, ஊரவர் வீட்டு அடுப்பால் அளப்பதா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் பயணக் கப்பலின் இயல்பை அறிதல் வேண்டும். அது வெறும் வாகனமன்று; மிதக்கின்ற விடுதி. உறங்க அறையும், உண்ண உணவும், ஆடல் பாடல் அரங்கும், கடைத்தெருவும் அதனுள்ளேயே உண்டு. பயணி தன் செலவின் பெரும் பகுதியை வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே கப்பற் கம்பனிக்குச் செலுத்திவிடுகின்றார். ஆதலால் ஒரு துறையில் இறங்கும்போது அவருக்கு உறங்க இடம் வேண்டுவதில்லை. காலையுணவும் இரவுணவும் கப்பலிலே காத்திருக்கின்றன. ஊர் பார்க்கும் உலாவுக்கான சீட்டுங்கூடப் பெரும்பாலும் கப்பலிலேயே விற்கப்படுகின்றது. அதில் ஒரு பங்கைக் கம்பனி எடுத்துக்கொண்டு, எஞ்சியதையே கரையிலுள்ள பஸ் உரிமையாளருக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கின்றது.

துறைமுகங்களும் ஒரே வகையின அல்ல. பயணம் தொடங்கி முடியும் துறை ஒன்று. நடுவிற் சில மணிநேரம் தரித்துச் செல்லும் துறை மற்றொன்று. முதல் வகைத் துறையிற் பயணிகள் முன்னிரவே வந்து விடுதியில் தங்குவர். கப்பலுக்கு வேண்டிய அரிசியும் மரக்கறியும் எண்ணெயும் அங்கேயே ஏற்றப்படும். இரண்டாம் வகைத் துறைக்குக் கிடைப்பன துறைக் கட்டணமும், வண்டிக் கூலியும், சில்லறை வியாபாரமுமே. மேற்சொன்ன பயணத்திற் சென்னை முதல் வகையைச் சார்ந்தது. காங்கேசன்துறை இரண்டாம் வகையைச் சார்ந்தது. இந்த வேறுபாட்டை உணராமல், கப்பல் வந்துவிட்டது, செல்வமும் வந்துவிட்டது என்று எண்ணுதல் பொருந்தாது.

ஓர் எளிய கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் பேர் கப்பலிலிருந்து இறங்கி ஆறு மணிநேரம் கரையில் நிற்கின்றனர் எனக் கொள்க. அவர்கள் அனைவரும் கரையிற் கழிக்கும் நேரம் மொத்தம் 6,000 மணி. இனி, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் சிறு பயணிகள் கப்பலை எண்ணுக. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் அச்சேவை தொடங்கிற்று. பருவமழை நெருங்கவே சில நாட்களில் நின்றது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் ஆரம்பித்தது. அத்தகைய கப்பலில் 150 பேர் வந்து, ஆளுக்கு மூன்று நாள் தங்குவாராயின், அவர்கள் இங்குக் கழிக்கும் நேரம் 10,800 மணி. ஆயிரவரினும் நூற்றைம்பதின்மர் ஊருக்குக் கூடுதலான நேரத்தைக் கொடுக்கின்றனர். அவர்களுக்கு 450 இரவுகளுக்குப் படுக்கை வேண்டும், மூன்று வேளை உணவு வேண்டும், ஓட்டோ வேண்டும், திரும்பும்போது உறவினருக்குக் கொண்டுசெல்லப் பனங்கட்டியும் பனாட்டும் வேண்டும். பெரிய கப்பல் பெரும் பயனைத் தரும், சிறிய கப்பல் சிறு பயனைத் தரும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும்.

அந்த ஆறு மணிநேரமும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. குடிவரவுச் சோதனை முடிந்து பஸ் வண்டியில் ஏறச் சிறிது நேரம் செல்லும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சுமார் 18 கிலோமீற்றர். போகவும் வரவும் நேரம் கழியும். எஞ்சிய பொழுதில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில், ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை, 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டுப் பின்னர் மீண்டெழுந்த பொது நூலகம், கீரிமலைக் கேணி ஆகியவற்றை விரைவாகப் பார்த்துத் திரும்பலாம். நகரைத் தாண்டிக் கிழக்கே அரியாலைக்குச் செல்லப் பொழுது இராது. ஆகவே கப்பலின் பயன் துறைமுகத்திலிருந்து நகர் வரை ஓடும் ஒரு வீதியோடு நின்றுவிடுகின்றது.

இலங்கைக்கு இவ்வினா புதியதன்று. 1869ஆம் ஆண்டு சுவெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், கீழைத்தேசங்களுக்குச் சென்ற நீராவிக் கப்பல்கள் இலங்கையிற் கரி ஏற்றிக்கொள்ளத் தரித்தன. முதலில் அவற்றிற்குத் துறையாயிருந்தது காலி. பயணிகளை நம்பி விடுதிகளும், மாணிக்கக் கற்கள் விற்போரும், அலைகரைத் தோணிக்காரரும் அங்குப் பெருகினர். 1875ஆம் ஆண்டு கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தாண்டுகளில் அது நிறைவெய்தவே, கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்பை நாடின. காலியின் வியாபாரம் தளர்ந்தது. கொழும்புத் துறைமுகத்தின் எதிரே எழுந்த விடுதிகளும் நகைக்கடைகளும் பல்லாண்டுகள் செழித்தன. ஆயின் ஆகாய விமானம் பெருகியபோது, நெடுந்தூரப் பயணக் கப்பல்களும் வரவு குறைந்து மறைந்தன. கப்பலுக்கு வேரில்லை. அது இன்று ஒரு துறைக்கு வரும். நாளை ஆழம் கூடிய, கட்டணம் குறைந்த வேறொரு துறைக்குப் போகும். ஊருக்கோ வேருண்டு, அது போக முடியாது. வேருள்ள ஊர், வேரற்ற கப்பலொன்றையே நம்பித் தன் தொழில்களைக் கைவிடலாகாது என்பது காலி கற்பித்த பாடம்.

பிறநாடுகளின் அனுபவமும் கருதத்தக்கது. இத்தாலியின் வெனிஸ் நகரிற் பயணக் கப்பல்கள் நகரின் நடுவே ஓடும் கால்வாய் வழியாகச் சென்றன. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பெருங்கப்பல் கட்டுப்பாடிழந்து படகொன்றின் மீதும் துறைமேடை மீதும் மோதிற்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாளிலிருந்து 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அவ்வழியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அந்நகரம் இன்னொரு முறையையும் கைக்கொண்டது. குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து பகலிலே திரும்பும் பயணிகளிடம் ஆளுக்கு 5 யூரோ கட்டணம் அறவிட்டது. இரவு தங்குவோருக்கு அக்கட்டணம் இல்லை. தங்குவோரே ஊருக்குப் பயன் தருவோர் என்பதை வெனிஸ் இவ்வாறு தன் சட்டத்தாலேயே சொல்லிற்று. குரோஷியா நாட்டின் டுப்ரோவ்னிக் நகரும், பழைய மதிலுக்குள் நெரிசல் தாங்காமல், ஒரே வேளையில் இரண்டு கப்பல்களுக்கு மேல் தரிக்கலாகாது என்று வரையறை செய்தது.

இவை தடைகள். தடையினும் சிறந்தது ஒழுங்கு என்பதற்கு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள ஜூனோ என்னும் ஊர் சான்று. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 32,000 பேர். 2023ஆம் ஆண்டில் அங்குக் கப்பலில் வந்தவர்களோ 16 இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவ்வூரார் வருவோரை வேண்டாமென்று துரத்தவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்து, அப்பணத்தைத் துறைமேடைக்கும் பயணிகளுக்கான வசதிகளுக்கும் செலவிட்டனர். துறையில் நிற்கும் கப்பல் தன் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் பெறும் முறையைப் பயணக் கப்பல்களுக்கு 2001ஆம் ஆண்டிலேயே உலகில் முதன்முதலாக அமைத்தனர். 2024ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்கள் என்ற எல்லையையும் வகுத்தனர். விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரன் தன் வீட்டுத் திண்ணையின் அகலத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் அல்லவா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் திண்ணை எவ்வளவு அகலமுடையது? அதனை அளக்கும் கோல் தண்ணீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. வடகீழ்ப் பருவமழை பெய்து, சுண்ணாம்புக் கல்லிற் தேங்கும் நீரே கிணற்று நீர். அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லியதொரு படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். கடல்நீரேரியை அடுத்த ஊர்களில் வாழ்வோர் இதனை நன்கறிவர். நிலத்தடி நீர் கெடுவது எளிது, திருந்துவது அரிது என்பதைச் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயர் எல்லோருக்கும் உணர்த்திற்று. எனவே, வரும் கப்பல் குடாநாட்டுக் கிணற்று நீரை ஏற்றிச் செல்லலாகாது. தன் கழிவைக் கரையோரக் கடலில் விடலாகாது. இவ்விரண்டு விதிகளையும் வரவேற்பு மாலை சூட்டுமுன்னரே எழுதிவைத்தல் நன்று. பாக்குநீரிணை ஆழங் குறைந்த கடல். அதில் வாழும் மீனையும் நண்டையும் நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன.

இவ்வாறு சொல்வதாற் கப்பலே வேண்டாம் என்பது கருத்தன்று. 2022ஆம் ஆண்டு நாடு வெளிநாட்டுச் செலாவணியின்றி அடைந்த இன்னலை யாரும் மறவார். எரிபொருளுக்கு நின்ற வரிசைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு டொலரும் நாட்டுக்கு வேண்டியதே. காங்கேசன்துறையைத் திருத்தியமைக்க இந்தியா 6 கோடியே 15 இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாக அளிக்க முன்வந்துள்ளது. துறை ஆழமாகும், கப்பல்கள் வரும். அவை எத்தகைய நிபந்தனையோடு வருதல் வேண்டும் என்பதே சிந்தனைக்குரியது.

முதலாவது, பயணி ஒவ்வொருவரிடமும் சிறுகட்டணம் அறவிட்டு, அதில் ஒரு பங்கைக் குடாநாட்டு உள்ளூராட்சிச் சபைகளுக்கு ஒதுக்குதல் வேண்டும். குப்பை அகற்றுவது சபை. வரும்படி வேறிடத்திற்கு என்றால் அது நீதியாகாது. இரண்டாவது, கப்பல் ஓர் இரவேனும் துறையில் தரிக்குமாறு பேசுதல் வேண்டும். மாலைப்பொழுது கிடைத்தாற் பயணிகள் அரியாலை போன்ற ஊர்களுக்கும் வரலாம். கடல்நீரேரியில் வெயில் சாயும் காட்சியும், பனங்கூடலும், ஒடியற் கூழும் கோட்டைச் சுவரினும் குறைந்த சுவையுடையன அல்ல. மூன்றாவது, கப்பலின் சமையலறைக்கு வேண்டிய மீனும் மரக்கறியும் இங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களிடம் வாங்கப்படுதல் வேண்டும். ஆயிரம் பயணிகள் ஆளுக்கொரு கடகம் வாங்குவர் என்று காத்திருப்பதிலும், அவர்களின் ஒருவேளை உணவை இவ்வூர்க் கடலும் தோட்டமும் அளிப்பது உறுதியான வருவாய்.

நான்காவது, வழிகாட்டிகளாக இவ்வூர் இளைஞரே பயிற்றப்படுதல் வேண்டும். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்க, சமுத்திரங்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு அந்நாட்டுக் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்தது. இவ்வரலாற்றை அறியாத வழிகாட்டி, வந்த விருந்தினருக்குக் கல்லையும் மண்ணையும் மட்டுமே காட்டுவான். அறிந்தவனோ, இந்தக் கரைக்குக் கப்பல்கள் வந்ததுமட்டுமன்று, இந்தக் கரையிலிருந்து கப்பல்கள் போனதும் உண்டு என்று தலைநிமிர்ந்து கூறுவான்.

இந்நான்கும் நடைபெறாவிடிற் கப்பல் வரும் நாள் ஒரு வேடிக்கை நாளாகவே முடியும். பஸ் வண்டிகள் ஓடும், புகைப்படங்கள் எடுக்கப்படும், மறுநாட் காலையில் அரியாலைப் பெண் முன்போலவே கடகத்தைச் சந்தைக்குச் சுமந்து செல்வாள். இவை நடைபெறுமாயின், அவள் பின்னிய கடகம் அவ்வூர்ச் சங்கத்தின் வழியே கப்பலுக்குச் செல்லும். அவள் மகன் நூலகத்தின் வரலாற்றை விருந்தினருக்கு எடுத்துரைப்பான். அவள் கிணற்று நீர் உவராகாதிருக்கும்.

துறைமுகம் என்பது கடலுக்குத் திறந்த வாயில். வாயிலைத் திறந்துவைப்பவர், உள்ளே வருவது யாது, வெளியே போவது யாது என்று கணக்கு வைத்திருத்தல் வேண்டும். அக்கணக்கிற் கடைசி ஊரின் கடைசி வீட்டுக்கும் ஒரு வரி இருக்குமாயின், கப்பல் வந்ததாற் பயனுண்டு என்று துணிந்து சொல்லலாம்.